மேல்வீட்டுத் தண்ணீர்

எங்கள் கட்டடத்தில் அவருக்குப் பல்லழகர் என்று பெயர். ஊரில் பாதிப் பேர் மெல்லுவது அவர் செய்த பல்லால்தான். அவர் வாயில் மட்டும் மேல்வரிசையில் ஒரு பல் இல்லை. யாராவது கேட்டால், "செய்யணும், நேரம்தான் கிடைக்கல" என்று அந்த ஓட்டை தெரியச் சிரிப்பார்.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால், மாடியில் இரண்டே அறைகள் கொண்ட பல் லேப் ஒன்றில் வேலை. பல் மருத்துவர்கள் நோயாளிகளின் வாய் அச்சை எடுத்து அனுப்புவார்கள். இவர் அதில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் பல் பதித்து, வார்த்து, கடைசியில் சுழலும் மோட்டாரில் வைத்துத் தேய்த்து மெருகேற்றுவார். அந்த மோட்டார் காலையில் ஆரம்பித்தால் மாலைவரை கீச்சிட்டுக்கொண்டே இருக்கும். வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்டு உட்கார்ந்த பிறகும் காதுக்குள் அது ஓடுவதாகச் சொல்வார்.

ஒருமுறை அவசரமாக ஒரு பல் செட்டை மருத்துவர் ஒருவரின் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருந்தது. அங்கே கூடத்தில் இசைத்தட்டு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் நின்றபடியே கேட்டார். பாடுகிற பெண் ஓர் அடியை முடித்துவிட்டு மூச்சு இழுத்தது கேட்டதாம். "பக்கத்துல நின்னு மூச்சு விட்ட மாதிரி இருந்துச்சு. எனக்குக் காது இருக்குன்னே அன்னிக்குத்தான் தெரிஞ்சுது" என்று என்னிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார்.

அதற்குப் பிறகு அவருக்கு வேறு ஆசையே இல்லை. சிகரெட்டை விட்டார். கூடுதல் வேலையை வீட்டுக்கே எடுத்து வந்து சமையலறை மேடையில் மெழுகு உருக்கினார். முதலில் இசைத்தட்டு ஓட்டும் டர்ன்டேபிள் வந்தது. பிறகு வால்வு வைத்த ஆம்ப்ளிஃபயர் வந்தது; கண்ணாடிக் குழல்கள் மங்கலாக எரிகிற பழைய வகை. கடைசியாக, அவர் இடுப்புயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர்கள். நாலு பேர் மூச்சுப்பிடித்துத் தூக்கி வந்தோம். அதில் நானும் ஒருவன். மனைவியிடம் எல்லாவற்றுக்கும் பாதி விலைதான் சொல்லியிருந்தார்.

அந்தப் பொய்யை உடைத்தது இன்சூரன்ஸ். அவருடைய மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, அப்போதுதான் இன்சூரன்ஸ் ஏஜெண்டாக ஆகியிருந்தான். எந்த ஏஜெண்டும் முதலில் சொந்தக்காரர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவான். அவனும் தட்டினான்.

"மாமா, வீட்டுக்குப் பொதுவா எடுக்கிற பாலிசில ஒரு சாமானுக்கு இவ்வளவுதான்னு ஒரு வரம்பு இருக்கு. உங்க ஸ்பீக்கர் கரிஞ்சு போனா அதுல வர்ற காசுக்கு ஒரு மிக்சி வாங்கலாம். இந்த மாதிரி பெரிய சாமானைத் தனியா பேர் போட்டு, பில் வெச்சுச் சேர்க்கணும்."

"பில்லா?" என்றார் பல்லழகர்.

"பில் இல்லாம எப்படி மாமா?"

பில் ட்ரங்குப்பெட்டியில் பழைய சட்டைகளுக்கு அடியில் இருந்தது. வேறு வழியில்லாமல் எடுத்து வந்தார். மச்சினன் வாங்கும் முன்பே மனைவி வாங்கிக்கொண்டார். நிதானமாகப் படித்தார்.

"இது ரெண்டு ஸ்பீக்கருக்குமா?"

"ஒண்ணுக்கு."

மனைவி எழுந்து சமையலறைக்குள் போனார். பாத்திரங்கள் இடம் மாறுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து, "எனக்கு மாமியார் இல்லையேன்னு ஒரு குறை இருந்துச்சு. இப்ப ரெண்டு பேர் வந்து கூடத்துல நிக்கிறாங்க. இன்சூரன்ஸ் போட்டு நல்லா பாத்துக்கோங்க" என்றார். அதோடு அந்த விஷயம் முடிந்தது. அவர் அப்படிப்பட்ட பெண்.

அவர்களுக்கு நேர் மேலே குடியிருந்தவரை எல்லாரும் சிஸ்டர் என்றே கூப்பிடுவோம். அரசு மருத்துவமனையில் நர்ஸ். கணவர் இல்லை, மகன் வெளியூரில் படித்துக்கொண்டிருந்தான். பல்லழகரின் மனைவிக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை நடந்தபோது, தையல் பிரிக்கும்வரை தினமும் டியூட்டி முடிந்து வந்து கட்டு மாற்றியவர் அவர்தான். குளிப்பாட்டி, தலை வாரி, கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டுத்தான் தன் வீட்டுப் பூட்டைத் திறப்பார். காசு என்று பேச்செடுத்தபோது, "ஏன் தம்பி, உங்க வீட்டுப் பாட்டு எனக்கும் ஓசிலதானே கேக்குது" என்றாராம்.

அப்படித்தான் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் சிஸ்டர் கீழே வர ஆரம்பித்தார். நாற்காலியில் உட்கார மாட்டார். சுவரில் சாய்ந்து, தரையில் காலை நீட்டிக்கொள்வார். இரண்டாவது இசைத்தட்டு முடிவதற்குள் தலை சாய்ந்து தூங்கிவிடுவார். பல்லழகருக்கு முதலில் கொஞ்சம் வருத்தம்தான். இத்தனை செலவழித்து இவரைத் தூங்கவைக்கவா என்று. பிறகு பழகிவிட்டது. அவர் தூங்கியதும் சத்தத்தைக் கொஞ்சம் குறைப்பார். மனைவி ஒரு தலையணையைத் தள்ளிவிடுவார். விழித்ததும் சிஸ்டர், "நல்லா பாடுனாங்க" என்பார். மூன்று பேரும் சிரிப்பார்கள்.

நடந்தது ஒரு வேலைநாளில். சிஸ்டர் வாஷிங் மெஷினில் துணியைப் போட்டு ஓடவிட்டிருந்தார். வார்டில் ஆள் பற்றவில்லை, உடனே வரவேண்டும் என்று மருத்துவமனையிலிருந்து கூப்பிட்டார்கள். மெஷின் தானாக நின்றுவிடும் என்று கதவைப் பூட்டிக்கொண்டு போனார். அவர் போன பிறகு தண்ணீர்க் குழாய் மெஷினிலிருந்து கழன்று விழுந்தது. பல்லழகரின் மனைவி கடைக்குப் போய்விட்டுத் திரும்பியபோது, கூடத்து மின்விசிறி வழியாகத் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. ஆம்ப்ளிஃபயர் நனைந்து, உள்ளே ஏதோ வெடித்து, வாடை அடித்தது. டர்ன்டேபிளின் மூடிக்குள் தண்ணீர் தேங்கி நின்றது. ஸ்பீக்கரின் காகிதக் கூம்புகள் ஊறித் தொங்கின. பெட்டி மரம் ஒரே நாளில் உப்பிவிட்டது.

பல்லழகர் வந்து பார்த்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தரையைத் துடைத்தார். மாலையில் சிஸ்டர் யூனிஃபார்மோடு வாசலில் நின்று அழுதார்.

"என்ன செலவானாலும் நான் குடுக்கறேன் தம்பி. மாசா மாசம் குடுத்துடறேன்."

"உள்ள வாங்க சிஸ்டர். இன்சூரன்ஸ் இருக்கு. உங்களுக்கு ஒரு காசு செலவில்ல. நீங்க அழாதீங்க."

அதை அவர் மனதாரத்தான் சொன்னார். சொன்னபோது அவருக்குப் பெருமையாகக்கூட இருந்ததாம்.

சில நாளில் கம்பெனியிலிருந்து சேதத்தை மதிப்பிட சர்வேயர் வந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் எதையும் விரலால் தொட்டுப் பார்க்கிறவர். கூரையின் மூலையில் ஒரு பழைய மஞ்சள் கறை இருந்தது. வீடு வாங்கிய நாளிலிருந்தே இருப்பது. அதைத் தொட்டுப் பார்த்தார்.

"இது நாள்பட்ட கசிவு மாதிரி இருக்கே சார். திடீர்னு கொட்டுன தண்ணின்னா பாலிசில வரும். கொஞ்சம் கொஞ்சமா கசிஞ்சதுன்னா வராது."

"மேல்வீட்டுக் குழாய் கழண்டுதான் கொட்டுச்சு சார். கட்டடத்துல யாரை வேணா கேளுங்க."

"கேக்கலாம். எழுத்துல இருந்தா நல்லது."

மச்சினன் உடனே வழி சொன்னான். மேல்வீட்டிலிருந்து ஒரு கடிதம் வாங்கிவிட்டால் போதும்; இன்ன தேதியில், இப்படி ஆயிற்று என்று. பல்லழகர் அன்றே மாடியேறினார். சிஸ்டர் மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார். இவர் சொல்லச் சொல்ல எழுதினார். மெஷினை ஓடவிட்டுப் போனது, குழாய் கழன்றது, தண்ணீர் கீழே இறங்கியது. எல்லாம் நடந்தபடிதான். பிறகு இவர், "என் கவனக்குறைவால்னு ஒரு வார்த்தை சேருங்க" என்றார்.

சிஸ்டர் பேனாவை நிறுத்தினார். "கவனக்குறைவுன்னு எழுதணுமா? குழாய் தானா கழண்டுச்சு. போன மாசம்தானே ஆள் வந்து மாட்டிட்டுப் போனான்."

"அது சும்மா ஒரு இதுக்குத்தான் சிஸ்டர். அப்படி அழுத்தமா இருந்தாத்தான் கேள்வி கேக்க மாட்டாங்க. சீக்கிரம் முடிஞ்சுடும்."

"உங்களுக்கு வேலை ஆகணும், அவ்வளவுதானே" என்று சிஸ்டர் எழுதினார். கையெழுத்தும் போட்டார்.

அந்த வார்த்தையைச் சேர்க்கும்படி பல்லழகருக்குச் சொல்லிக்கொடுத்தது மச்சினனும் இல்லை, சர்வேயரும் இல்லை. இவருக்கே தோன்றியது. பல் செட்டில் கடைசியாக ஒரு தேய்ப்புத் தேய்ப்பது போல, கடிதம் பிசிறில்லாமல் இருக்கட்டும் என்று நினைத்ததாகச் சொன்னார். அதற்கு மேல் அவர் எதையும் நினைக்கவில்லை என்பதை நான் நம்புகிறேன்.

பணம் வந்தது. அவர் எதிர்பார்த்ததைவிட ஒழுங்காக வந்தது. கூரையைப் பூசி வெள்ளையடித்து, புதிதாக எல்லாம் வாங்கினார். முன்னதைவிட ஸ்பீக்கர் ஒரு படி மேல். ஞாயிற்றுக்கிழமை சிஸ்டர் வந்தார், தரையில் உட்கார்ந்தார், தூங்கினார். எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்றுதான் மூன்று பேரும் நினைத்திருந்தார்கள்.

அந்த வருஷ மழைக்காலம் முடிந்த சமயம், ஒரு ஞாயிறு, சிஸ்டர் கையில் ஒரு உறையோடு வந்தார்.

"தம்பி, இது உங்க இன்சூரன்ஸ் கம்பெனி பேர்ல வக்கீல் அனுப்பியிருக்காரு. எனக்கு எதுக்குன்னு புரியல. உங்களுக்கு வரவேண்டியது மாறி வந்துருச்சோ என்னமோ. படிச்சுச் சொல்லுங்க."

பல்லழகர் ஓடிக்கொண்டிருந்த இசைத்தட்டை நிறுத்தவில்லை. பாட்டுக் கேட்டபடியே படிக்க ஆரம்பித்தார். விஷயம் இதுதான்: சேதத்துக்கான தொகையைக் கம்பெனி கீழ்வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டது. சேதம் மேல்வீட்டுக்காரரின் கவனக்குறைவால் நேர்ந்தது. ஆகவே, அந்தத் தொகையை அவரிடமிருந்து வசூலிக்கும் உரிமை இப்போது கம்பெனிக்கு. கவனக்குறைவுக்கு ஆதாரம், அவரே கைப்பட எழுதிய கடிதம், நகல் இணைக்கப்பட்டுள்ளது.

நகலைப் புரட்டினார். சிஸ்டரின் வட்ட வட்டமான எழுத்தில் இவர் சொன்ன வார்த்தை இருந்தது.

"என்னங்க?" என்றார் மனைவி.

அவர் காகிதத்தை மனைவியிடம் கொடுத்தார். மனைவிதான் சிஸ்டருக்கு மெதுவாக எடுத்துச் சொன்னார். சிஸ்டர் கோபப்படவில்லை. தொகையை மட்டும் இரண்டு தரம் கேட்டார். பிறகு உறையை வாங்கி மடித்துக்கொண்டு, "துணி காயப் போட்டிருக்கேன்" என்று எழுந்து போனார். இசைத்தட்டு முடிந்து ஊசி தேய்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

மறுநாள் இவர் லேப்புக்கு லீவு சொல்லிவிட்டுக் கம்பெனி அலுவலகத்துக்குப் போனார். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஓர் இளம்பெண் அதிகாரி. மரியாதையாகத்தான் பேசினார்.

"எங்க வழக்கமே இதுதான் சார். வேற ஒருத்தரால சேதம்னா, உங்களுக்குக் குடுத்ததை நாங்க அவங்ககிட்ட கேப்போம். பணம் வாங்கும்போது நீங்களே அதுக்குச் சம்மதிச்சுக் கையெழுத்து போட்டிருக்கீங்க."

"அந்த அம்மா மேல தப்பே இல்லம்மா. கவனக்குறைவுங்கிற வார்த்தைய நான்தான் எழுதச் சொன்னேன்."

அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்தார். "அப்படியா சார்? அப்ப அதை எழுதிக் குடுங்க. க்ளெய்முக்காக நீங்க சொல்லித்தான் அவங்க அப்படி எழுதினாங்கன்னு. நாங்க ஃபைலைத் திரும்பப் பாப்போம். அவங்க பேர்ல உள்ளதை நிறுத்தி வைக்கலாம். ஆனா உங்களுக்குக் குடுத்ததும் கேள்விக்கு வரும். ஏஜெண்டையும் கூப்பிட்டு விசாரிப்பாங்க."

வெள்ளைத்தாள் ஒன்றை அவர் பக்கம் தள்ளினார். இவர் அதைத் தொடவில்லை. "வீட்டுல கேட்டுட்டு வந்துடறேம்மா" என்று எழுந்துவிட்டார்.

அன்று மாலையே மச்சினன் வந்தான். அவனுக்கு அதற்குள் சேதி போயிருந்தது.

"மாமா, என் பொழப்புல மண்ண போட்டுடாதீங்க. புள்ளகுட்டிக்காரன். சிஸ்டருக்கு நாம சேர்ந்து ஏதாவது பண்ணிக்கலாம். எழுதி மட்டும் குடுத்துடாதீங்க."

பல்லழகர் மனைவியைப் பார்த்தார். மனைவி தம்பியையும் பார்க்கவில்லை, இவரையும் பார்க்கவில்லை. "என்னைக் கேட்டா அந்த வார்த்தைய எழுத வெச்சீங்க?" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

பல்லழகர் திரும்பக் கம்பெனிக்குப் போகவில்லை. நாளைக்குப் போகலாம், அடுத்த வாரம் போகலாம் என்று தள்ளிப்போட்டார். லேப்பில் வேலை நெருக்கடி என்று தனக்கே சொல்லிக்கொண்டார். ஒருநாள் மாடிப்படியில் சிஸ்டர் எதிரே வந்தார்.

"தம்பி, ஆபீசுக்குப் போனீங்களாமே."

"போனேன் சிஸ்டர்."

"அந்த வார்த்தை உங்களோடதுன்னு சொன்னீங்களா?"

"சொன்னேன். எழுத்துல கேட்டாங்க."

"குடுத்தீங்களா?"

அவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். சிஸ்டர் பையைத் தோள் மாற்றிக்கொண்டார். பிறகு, "சரி தம்பி" என்று சொல்லி மேலே ஏறினார். அந்த "சரி தம்பி"யைப் பல்லழகர் என்னிடம் சொல்லிக் காட்டும்போது, சிஸ்டர் குரலைப் போலவே சொல்வார். அதில் கோபம் இல்லை. இனி இவரிடம் கேட்க ஒன்றுமில்லை என்பதுதான் இருந்தது.

சிஸ்டர் நர்சுகள் சங்கத்து ஆள் ஒருவரைக் கூட்டிக்கொண்டு தானே போய்ப் பேசினார். கம்பெனி தொகையைக் கொஞ்சம் குறைத்து, தவணையில் கட்டச் சம்மதித்தது. விடுமுறை நாளில் தனியார் நர்சிங் ஹோம் ஒன்றுக்கு வேலைக்குப் போக ஆரம்பித்தார். ஞாயிறும் போனார். அதனால் அவர் கீழே வராததற்கு யாரும் காரணம் தேட வேண்டியிருக்கவில்லை.

பல்லழகர் ஸ்பீக்கரை விற்றார். வாங்கிய மனிதர் பெட்டியில் ஒரு கீறலைக் காட்டி அடிமாட்டு விலைக்குக் கேட்டார். இவர் பேரம் பேசவில்லை. டர்ன்டேபிளும் போயிற்று. பணத்தோடு மாடியேறினார். சிஸ்டர் வேண்டாம் என்று சொல்வார், வற்புறுத்த வேண்டியிருக்கும் என்று வார்த்தைகளைத் தயார் செய்துகொண்டு போனார்.

சிஸ்டர் வாங்கி எண்ணினார். "வேணாம்னு சொல்ற நிலைமைல நான் இல்ல தம்பி. பையனுக்குப் படிப்புச் செலவு இருக்கு. மீதித் தவணைக்கு இது சரியா இருக்கும்" என்றார். காபி வேண்டுமா என்று கேட்டார். இவர் வேண்டாம் என்றார். கடன் அத்தோடு தீர்ந்தது. ஆனால் அதற்கு அடுத்த ஞாயிறும் அவர் வரவில்லை. பாட்டுக் கேட்க இவர் வீட்டில் ஒன்றும் இல்லைதான். இருந்திருந்தாலும் வந்திருக்க மாட்டார் என்று இவருக்குத் தெரியும்.

மகனுக்கு வேலை கிடைத்ததும் சிஸ்டர் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு அவனோடு போய்விட்டார். சாமான் ஏற்றுகிற அன்று பல்லழகரின் மனைவி கூடவே நின்று எல்லாம் கட்டிக் கொடுத்தார். இரண்டு பெண்களும் தெருமுனைவரை கையைப் பிடித்துக்கொண்டு நடந்ததை நான் பார்த்தேன். பல்லழகர் லேப்பில் இருந்தார்.

மூன்று நாலு வருஷம் கழித்து மச்சினன் இன்சூரன்ஸை விட்டுவிட்டு டைல்ஸ் கடை வைத்தான். இனி யாருக்கும் பாதகமில்லை என்றானதும் பல்லழகர் அந்த அலுவலகத்துக்குப் போனார். அந்தப் பெண் அதிகாரி மாற்றலாகிப் போயிருந்தார். இப்போதிருந்தவர் கணினியில் தேடிப் பார்த்துவிட்டு, "முழுத் தொகையும் கட்டி ஃபைல் முடிஞ்சிருச்சு சார். இப்ப என்ன வேணும்?" என்றார். எழுதிக் கொடுக்க வந்தேன் என்று இவர் சொன்னார். எதற்கு என்று அவருக்கு விளங்கவில்லை. "வேணும்னா குடுத்துட்டுப் போங்க" என்றார். இவர் அங்கேயே நின்று எழுதி, கையெழுத்திட்டுக் கொடுத்தார். அவர் அதை வாங்கி மேசையோரத்தில் வைத்தார்.

அதை சிஸ்டரிடம் சொல்லிவிட வேண்டும் என்று துடித்தார். மனைவியும் சிஸ்டரும் அவ்வப்போது போனில் பேசுவது வழக்கம். பல்வலி, பேரன், முட்டிவலி என்று நீளும். ஒருநாள் மனைவி பேசிக்கொண்டிருக்கையில் கையை நீட்டினார். மனைவி தயங்கிக் கொடுத்தார்.

"சிஸ்டர், நான் போய் எழுதிக் குடுத்துட்டேன். அந்த வார்த்தை என்னுதுன்னு."

அந்தப் பக்கம் குழந்தை ஏதோ தட்டுகிற சத்தம் கேட்டது.

"இப்ப யாருக்கு தம்பி அது?" என்றார் சிஸ்டர். குத்திக் காட்டுகிற குரல் இல்லை, நிஜமாகவே கேட்டார். பிறகு அவரே, "உடம்பப் பாத்துக்கோங்க. தங்கச்சிகிட்ட குடுங்க" என்றார்.

இவர் போனைக் கொடுத்துவிட்டு பால்கனிக்குப் போனார். நான் அப்போது கீழே சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மேலேயிருந்து என்னைப் பார்த்து, கீழே வரட்டுமா என்று கேட்டார். வந்து படிக்கட்டில் உட்கார்ந்து, இதையெல்லாம் முதல்முறையாக அன்றுதான் முழுவதும் சொன்னார். சொல்லி முடித்ததும், அவர் இதுவரை யாரிடமும் கேட்காத ஒன்றை என்னிடம் கேட்டார்.

"அன்னிக்கே எழுதிக் குடுத்திருந்தா, அவங்க வந்து உக்காந்திருப்பாங்க, இல்ல?"

வந்திருப்பார் என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல என்னால் முடியவில்லை. "தெரியல சார்" என்றேன். அவர் தலையாட்டினார். மேலே அவர் மனைவி இன்னும் போனில் பேசிக்கொண்டிருந்தார். நடுவில் சிரிப்பது எங்களுக்குக் கேட்டது.